இரண்டாவது சுற்றில் தெரிந்துவிடும் கிரீமின் தரம்

உயர்ரக ஷேவிங் கிரீம் எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாசனையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். சந்தனமா, ரோஜாவா, லாவண்டரா? எனக்கும் வாசனை பிடிக்கும். காலையில் வெந்நீர் ஆவியோடு நல்ல சந்தன மணம் எழும்பி வந்தால் அன்றைய பொழுதே நிதானமாகத் தொடங்குகிறது. ஆனால் பிரஷ், கிண்ணம், இரட்டை முனை பிளேடு என்று பழைய முறையில் பல ஆண்டுகளாகச் சவரம் செய்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: வாசனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது இரண்டாவது சுற்று. ஒருமுறை வழித்த பிறகு, நுரை போன வெறும் தோலில் பிளேடு மறுபடி படும்போது வழுக்கிக்கொண்டு போகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா? கிரீமின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கழுத்து. கன்னத்தில் முடி ஒழுங்காகக் கீழ்நோக்கி வளர்கிறது. குரல்வளையைத் தாண்டியதும் பக்கவாட்டில் சுழித்து, மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. கன்னத்துக்கு ஒரு சுற்று போதும். கழுத்துக்கு இரண்டாவது சுற்று இல்லாமல் முடியாது. போதாததற்கு, விட்டுப்போன நாலு முடிக்காக நுரை இல்லாத இடத்தில் பிளேடை மறுபடி வைத்து ஓர் இழுப்பு இழுக்காதவர் யார்? அரை மணி நேரம் கழித்துக் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள் கிளம்புவது அந்த நாலு முடியால்தான். நல்ல கிரீம், வழித்த பின்னும் தோலில் மெல்லிய வழவழப்பை விட்டுச் செல்லும். ஈர விரலால் தடவினால் விரல் நழுவும். சுமாரான கிரீமில் விரல் தோலைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதற்கு எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

நுரை தடிமனாக நிற்பதையும் இந்த வழவழப்பையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். அழுத்தினால் பீய்ச்சியடிக்கும் டப்பா நுரை ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களால் ஊதிப் பெருத்தது. பார்க்க முகம் நிறைய இருக்கும்; பிளேடுக்கு அடியில் ஈரம் கொஞ்சம்தான். தாடியை மென்மையாக்குவது கிரீம் அல்ல, தண்ணீர். முடி தண்ணீரை உறிஞ்சி உப்பிய பிறகு அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வெந்நீர் படவேண்டும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்தால் அந்த வேலை தானாகவே முடிந்திருக்கும். அந்த ஈரத்தை முடியோடு பிடித்துவைப்பதும், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் வழுக்கலைத் தருவதும்தான் கிரீமின் பணி. வெந்நீர் காட்டாத முகத்தில் எவ்வளவு உயர்ந்த கிரீமைப் பூசினாலும் பலன் பாதிதான்.

கிரீமைக் கையில் எடுத்ததும் நான் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறேன். மூலப்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சாகியிருக்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். ஆகவே முதல் ஆறேழு பெயர்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. பிரஷ்ஷால் நுரைக்கும் பழைய வகைக் கிரீமில் தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், மிரிஸ்டிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள், கிளிசரின் ஆகியவை இருக்கும். ஸ்டியரிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகி, நெருக்கமான, சீக்கிரம் அடங்காத நுரையைத் தருகிறது. தேங்காய் எண்ணெயிலிருந்து வருவது நுரையைச் சட்டென்று எழுப்பும். அது அளவுக்கு மிஞ்சினால் தோல் வறண்டு இழுக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் சோப்பு கட்டியாக இறுகும். பொட்டாசியம் சேர்த்தால் இளகியும், தண்ணீரில் எளிதில் கரைந்தும் இருக்கும். கிரீம் கிரீமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பொட்டாசியம்தான்.

பட்டியலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஸ்டியரேட்டோ இல்லையென்றால் நான் ஒரு கணம் நின்று யோசிப்பேன். அது பெரும்பாலும் பிரஷ் தேவைப்படாத வகை. விரலால் எடுத்து நேரே முகத்தில் பூசிக்கொள்வதற்காகச் செய்தது. அந்த வகையும் பழையதுதான். அமெரிக்காவில் 1919இல் வந்த பார்பசால் அப்படித்தான் டியூபில் தொடங்கியது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கனத்த கண்ணாடி ஜாடியில், உயர்ந்த பெயரோடு, பிரஷ் படம்கூடப் போட்டு வருகிற சில கிரீம்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கிண்ணத்தில் போட்டு எவ்வளவு சுழற்றினாலும் நுரைக்காது; பிரஷ்ஷின் அடிவேரில் பிசுக்காக அப்பிக்கொள்ளும். பிரஷ்ஷோடு சவரம் செய்கிறவர் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உயர்ரகம் என்றதும் லண்டனின் பழைய பெயர்கள் வரிசையாக வந்துவிடும். டி.ஆர். ஹாரிஸ் தொடங்கியது 1790இல். ட்ரூஃபிட் அண்ட் ஹில் 1805இல், டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் 1854இல், ஜியோ எஃப். ட்ரம்பர் 1875இல். கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு சேஃப்டி ரேசருக்கான காப்புரிமை கிடைத்ததே 1904இல்தான் என்பதை நினைத்தால், இந்த நான்கும் சவரக்கத்தி காலத்தவை. அந்த மரபின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. இருந்தாலும் டப்பாவின் மேல் அச்சடித்த ஆண்டு, உள்ளே இருக்கும் கலவையின் வயது அல்ல. வாசனைப் பொருள்களுக்கான விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மலர் மணத்துக்காகப் பரவலாகச் சேர்க்கப்பட்டுவந்த லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. அதைச் சேர்த்துவந்தவர்கள் கலவையை மாற்றியாக வேண்டும். எனவே பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் புகழ்ந்து சொன்ன கிரீமும் இன்று அதே பெயரில் கிடைக்கும் கிரீமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கையிலிருக்கும் டப்பாவின் பட்டியலையே நம்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நிலையிலுள்ள பல கிரீம்களின் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதல் ஐந்தாறு பெயர்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சேர்மான விகிதத்திலும், காய்ச்சும் பக்குவத்திலும், மணத்திலும்தான். ஒரே நிறுவனத்தின் ரோஜாவுக்கும் பாதாமுக்கும் பிளேடுக்கு அடியில் நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. ஒன்று ஒத்துக்கொண்டால் அதே வரிசையில் இன்னொன்றும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வாசனை உறுத்தினால் மட்டும் விலக்கு. ஆடம்பரப் பெயர் இல்லாதவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். இத்தாலியில் 1908இல் தொடங்கிய மார்டெல்லி குடும்ப நிறுவனத்தின் ப்ரோராசோ டியூபை நான் இன்றும் மரியாதையோடு பயன்படுத்துகிறேன். பச்சை டியூபில் யூகலிப்டஸும் மெந்தாலும். வெள்ளையில் கிரீன் டீயும் ஓட்ஸும், மென்மையான தோலுக்காக. சிவப்பில் சந்தன மணமும் ஷியா வெண்ணெயும். உயர்ரகக் கிரீமுக்குப் போகிறவர் இந்த அளவுக்கு நல்ல சாதாரணக் கிரீம் ஒன்றைப் பழகிவிட்டுப் போனால், கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று தாமே உணர்வார்.

வாசனையைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு வெறும் ரசனை மட்டும் காரணமில்லை. என் மனைவியின் தம்பி மிகுந்த ஆசையோடு ஒரு எலுமிச்சை மணக் கிரீம் வாங்கினான். ஒரு வாரம் போனது.

"அத்தான், நுரை அற்புதமாக வருகிறது. ஆனால் மதியத்துக்குள் கழுத்து முழுவதும் அரிக்கிறது."

"பிளேடை மாற்றிப் பார்த்தாயா?"

"பிளேடு பழசுதான் அத்தான். கிரீம் மட்டும்தான் புதிது."

"அப்படியானால் இரண்டு நாள் முகத்துக்குக் கொண்டுபோகாதே. நுரையை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, சவரம் செய்யும் நேரமளவு விட்டுக் கழுவிப் பார்."

கையிலும் சிவந்தது. பிளேடு படாத இடத்திலேயே சிவக்கிறது என்றால் குற்றவாளி பிளேடு அல்ல. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தோம். லிமோனீன், சிட்ரால், லினலூல், ஜெரானியால் என்று பட்டியலின் கடைசி வரி முழுவதும் வாசனைப் பொருள்கள். இவை கெட்ட பொருள்கள் அல்ல. எலுமிச்சை, லாவண்டர், ரோஜா எண்ணெய்களில் இயற்கையாகவே இருப்பவை. ஆனால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாதவை. கழுவிவிடும் பொருள்களில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. முதலில் 26 பொருள்களுக்கு இருந்த அந்தப் பட்டியலை 2023இல் எண்பதுக்கும் மேலாக விரிவாக்கியிருக்கிறார்கள். எனவே அந்தக் கடைசி வரி, அலர்ஜி உள்ளவருக்கு டப்பாவிலேயே மிகப் பயனுள்ள வரி. 'இயற்கை எண்ணெய் மட்டுமே சேர்த்தது' என்ற வாசகம் இந்த விஷயத்தில் எந்தப் பாதுகாப்பும் தராது.

அவனைத் தோல் மருத்துவரிடமும் அனுப்பினேன். பிறகு வாசனை சேர்க்காத கிரீமுக்கு மாறினான், அரிப்பு நின்றுவிட்டது. உயர்ரகத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. ட்ரூஃபிட் அண்ட் ஹில்லின் அல்டிமேட் கம்ஃபர்ட் அந்த நோக்கத்தில் செய்தது. டெய்லரின் ஜெர்மின் ஸ்ட்ரீட்டும் மென்மையான தோலுக்கு என்று வருவது, ஆனால் அதில் மணம் உண்டு. அவன் விட்ட எலுமிச்சைக் கிரீமை நான் எடுத்துக்கொண்டேன். என் தோலுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதே டப்பா, அதே பிளேடு வகை; தோல் மட்டும் வேறு. பிறர் சிபாரிசை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

மெந்தால் பற்றி ஒரு வார்த்தை. அது தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். புழுக்கமான காலையில் அது சுகமே. ஆனால் புதுக் கிரீமைச் சோதிக்கும்போது மெந்தால் குறுக்கே நிற்கும். உராய்ந்த எரிச்சலை அந்தக் குளிர்ச்சி மூடிவிடுவதால், உடனே தொட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மெந்தால் கலந்த கிரீமுக்கு மதியம்தான் மதிப்பெண் போட வேண்டும்.

கிரீமை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு எதுவானாலும் அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படலமாகிவிடும். நுரையாக வேண்டிய சோப்பு கிண்ணத்தின் ஓரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். நல்ல கிரீமே இல்லை என்று ஒரு கிரீமைத் தள்ளிவைக்க இருந்தவன், காய்ச்சி வடித்த நீரை ஒரு டம்ளர் சூடாக்கி, அதில் பிரஷ்ஷை நனைத்து நுரைத்தேன். வேறு கிரீமோ என்று நினைக்கும்படி எழும்பியது. கொதிக்கவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதிதான் போகும், முழுவதும் போகாது. கிரீம் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதும் ஓரளவு ஈடுகட்டும். பட்டியலில் டெட்ராசோடியம் ஈடிடிஏ இருந்தால் அந்தக் கிரீம் உப்புத் தண்ணீரைச் சற்று அதிகம் தாங்கும். அந்த உலோக அயனிகளைப் பிடித்துக் கட்டிப்போடுவதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள்.

நுரை எடுப்பதில்தான் ஒரு கிரீமின் சுபாவம் முழுவதும் வெளிப்படுகிறது. சுண்டுவிரல் நகத்தளவு கிரீமைக் கிண்ணத்தின் அடியில் தேய்த்துவைக்கிறேன். வெந்நீரில் ஊறிய பிரஷ்ஷை லேசாகப் பிழிந்து, ஒரு உதறு உதறிவிட்டுச் சுழற்றத் தொடங்குகிறேன். முதலில் வருவது பெரிய பெரிய குமிழிகள். அவற்றை நம்பக் கூடாது. சிறிது நேரத்தில் குமிழிகள் அடங்கிப் பசைபோல் கெட்டியாகும். பிரஷ்ஷைத் தூக்கினால் கூம்பாக நிற்கும். பார்வைக்கு அழகான அந்தக் கட்டத்தில் நிறுத்தாதீர்கள். இன்னும் தண்ணீர் வேண்டும். விரலை நனைத்து நாலைந்து சொட்டு விட்டு மறுபடி சுழற்றுகிறேன். மீண்டும் நாலைந்து சொட்டு. கூம்பு தலை சாயும். தனித்தனிக் குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போய், மேற்பரப்பு புதிதாக அடித்த பெயிண்ட் மாதிரி பளபளக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துளி எடுத்துத் தேய்த்தால் விரல்கள் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நழுவும். அதுதான் பதம். மலிவான கிரீமில் இந்தப் பதம் ஒரு நூலிழைதான். இரண்டு சொட்டு கூடினால் நீர்த்து ஓடிவிடும். உயர்ந்த கிரீம் நிறையத் தண்ணீர் குடிக்கும், குடித்த பிறகும் கலையாது. அவசரமான காலையில் கை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

பிரஷ் எதுவானாலும் பரவாயில்லை. செயற்கை இழை பிரஷ் கிரீமைத் தன்னுள் பிடித்துவைக்காமல் வெளியே விடுவதால் குறைந்த அளவே போதும். பன்றி முடி பிரஷ்ஷை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். கட்டிச் சோப்புக்கு வேண்டிய விறைப்பு கிரீமுக்குத் தேவையில்லை.

சோதிக்கும் நாள்களில் பிளேடு, ரேசர், பிரஷ், தண்ணீர் எதையும் மாற்றாமல் கிரீமை மட்டும் மாற்றுகிறேன். புது பிளேடையும் புதுக் கிரீமையும் ஒரே நாளில் இறக்கினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. சவரம் முடிந்து கழுவிய பிறகு ஈரமான படிகாரக் கட்டியை முகம் முழுவதும் தேய்க்கிறேன். தோல் கீறப்படாத இடத்தில் படிகாரம் சும்மா இருக்கும். பிளேடு உராய்ந்த இடத்தில் சுரீரென்று பிடிக்கும். எங்கே, எவ்வளவு என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்குச் சொல்லிவிடும். இரண்டு கிரீம்களை ஒப்பிட இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது. பிறகு படிகாரத்தையும் கழுவிவிட்டு, வேறெதுவும் பூசாமல் கால் மணி நேரம் காத்திருக்கிறேன். சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலின் இயல்போ இலேசான அமிலம். ஆகவே கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்யும். சிரித்தால் கன்னம் இழுக்கிற அளவுக்கு இருந்தால் அந்தக் கிரீம் எனக்கு ஆகாது.

செலவைப் பற்றிய தயக்கம் நியாயமானது. ஆனால் டப்பாவின் விலையைப் பார்ப்பதைவிட ஒரு சவரத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதே சரி. ஒரு தடவைக்கு ஒரு கிராம் தாராளம். 150 கிராம் டப்பா தினமும் சவரம் செய்கிறவருக்கே ஐந்து மாதம் வரும். அந்த ஐந்து மாதமும் அது கெடாமல் இருப்பது நம் கையில். ஈரப் பிரஷ்ஷை நேரே டப்பாவுக்குள் விடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. தண்ணீர் புகுந்தால் மேல் பகுதி நீர்த்துப்போவதோடு கிருமிகளுக்கும் இடமாகிவிடும். உலர்ந்த விரலால் அல்லது சிறு கரண்டியால் எடுத்துவிட்டு உடனே மூடிவிடுகிறேன். மூடி திறந்த சிறு ஜாடியின் படமும் அதனுள் 12எம் அல்லது 24எம் என்ற குறியும் டப்பாவில் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. தாடியை அடிக்கடி எடுக்காதவர், பல டப்பாக்களை ஒரே நேரத்தில் திறந்துவைப்பவர் இருவரும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் அதே கிரீமை 75 மில்லி டியூபிலும் தருகின்றன. முதன்முறை வாங்குகிறவர் டியூபை வாங்கட்டும்.

இவ்வளவும் தேறிய பிறகு வாசனைக்கு வாருங்கள். இப்போது தாராளமாக மனம் போல் தேர்ந்தெடுக்கலாம். ஒரு யோசனை மட்டும்: டப்பாவில் முகர்ந்த மணமும் நுரையின் மணமும் ஒன்றல்ல. வெந்நீர் பட்டதும் சில மணங்கள் பல மடங்கு விரியும்; ஊதுபத்தி போல அறையை நிறைத்துவிடும். எலுமிச்சை வகைகள் துள்ளி எழுந்து, முகம் துடைப்பதற்குள் போய்விடும். சந்தனமும் மர மணங்களும் மெதுவாக வந்து சற்று நேரம் தங்கும். அத்தர் அல்லது சென்ட் பூசிக்கொண்டு வெளியே போகிறவருக்கு, சீக்கிரம் மறைகிற மணமே வசதி. என்னிடம் இப்போது திறந்திருப்பவை இரண்டு: புழுக்கமான நாள்களுக்கு அந்த எலுமிச்சை, மற்ற நாள்களுக்குச் சந்தனம். லாவண்டர் ஒன்றின் மேல் ஒரு கண் இருக்கிறது. இவற்றில் ஒன்று காலியானதும், முதலில் 75 மில்லி டியூபாக வாங்கி, கழுத்தில் இரண்டாவது சுற்று எப்படிப் போகிறது என்று பார்க்கப்போகிறேன்.